நகச்சுற்று: ஒரே பெயரில் இரண்டு நோய்கள்

முக்கூடலில் பீடி சுற்றும் உங்கள் தாயாருக்கு, வயது 54, மூன்று மாதங்களாக வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகத்தைச் சுற்றி வீக்கம் இருக்கிறது; மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்று முறை வாங்கிக் கொடுத்தும், எலுமிச்சம்பழம் செருகியும், வீக்கம் கொஞ்சம் குறைந்து மறுபடி வருகிறது; நகம் வரிவரியாகக் கரடு தட்டிவிட்டது; பூஞ்சைக்கு மாத்திரை கொடுக்கலாமா, நகத்தைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்று விளங்க வேண்டுமானால், நாம் நகச்சுற்று என்று ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒன்றுக்குரிய வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்வதால்தான் பாதிப் பேருக்கு மேல் இந்தப் பக்கத்தில் மாதக்கணக்கில் விரலைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். தாமிரபரணிக் கரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் வைத்தியம் பார்த்தவன் என்கிற முறையில், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் விரலை ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தின் இரண்டு பக்கமும் தோல் வரப்பு போல மேடாக நிற்கிறது. அடியிலும் அதே போல ஒரு வரப்பு இருக்கிறது. அடிப்பக்கத்து வரப்பிலிருந்து மிக மெல்லிய, நிறமற்ற ஒரு தோல்விளிம்பு புறப்பட்டு நகத்தின் மேல் ஒட்டிப் படிந்திருக்கும். கியூட்டிக்கிள் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். பார்வைக்கு ஒன்றுமில்லாத அந்த விளிம்பு, குளத்து மடையில் அப்பி வைத்த களிமண்ணைப் போன்றது. அது இருக்கும்வரை நகத்துக்கும் தோலுக்கும் இடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. அது கரைந்தோ பிய்ந்தோ போனால், அடியில் இருக்கும் சந்துக்குள் தண்ணீர், சோப்பு, அழுக்கு, கிருமி எல்லாம் தாராளமாக இறங்கும். நகத்தைச் சுற்றி வரும் தொற்றுகளில் பெரும்பாலானவற்றின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. திடீரென்று ஒரு நாள் மடை உடைவது ஒரு வகை. நாள்பட அரித்துக் கசிவது இன்னொரு வகை.

முதல் வகையைத்தான் நம் ஊரில் எல்லோரும் அறிவார்கள். நகக்கண் ஓரத்தில் எழும்பி நிற்கும் சிறு தோலைப் பல்லால் கடித்து இழுப்பது, நகத்தை ஒட்ட வெட்டுவது, முள் குத்துவது, மீன் கழுவும்போது செதிலோ முள்ளோ ஏறுவது, ஊக்கால் நகத்தடி அழுக்கைக் கிண்டுவது என்று ஏதோ ஒரு சின்னக் காயம் முதலில் நடந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் ஒரே ஒரு விரலில், ஒரு பக்கத்து நகக்கண் சிவந்து, சூடேறி, வீங்கி, இராத்திரியில் விண் விண்ணென்று தெறிக்கும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியும், சில வேளைகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இதற்குக் காரணம். நகம் கடிப்பவர்களுக்கும் விரல் சூப்பும் பிள்ளைகளுக்கும் வாய்க்குள் குடியிருக்கும் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மருந்து எழுதும்போது அந்தப் பழக்கத்தைக் கேட்காமல் எழுதக் கூடாது. ஆறு வாரத்துக்குள் இருப்பது இந்தத் திடீர் வகை. ஆறு வாரத்தைத் தாண்டினால் நாள்பட்ட வகை என்று கணக்கு.

பல ஆண்டுகளுக்கு முன் பிசான நடவு சமயத்தில், சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு விவசாயி விடியற்காலையிலேயே வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நடுவிரலில் நகச்சுற்று. கையைத் தொங்கவிட்டால் தெறிக்கிறது என்று, இரவு முழுவதும் தலைக்கு மேலே தூக்கித் தூணில் சாய்த்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். விரல்நுனியின் சதைப்பக்கத்தை நான் மெல்ல அழுத்தியதும், வீங்கிச் சிவந்த நகக்கண்ணில் ஓர் உளுந்தளவு இடம் மட்டும் தனியாக வெளிறித் தெரிந்தது. சலம், அதாவது சீழ், கட்டியிருக்கிறதா என்று அறிவதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. ரத்தம் ஓடும் இடமும் சலம் தேங்கிய இடமும் அழுத்தும்போது வேறு வேறாக நிறம் மாறும். அந்த விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டு, நகத்துக்கும் தோலுக்கும் இடையில் உள்ள சந்தில் கத்தியின் நுனியைப் படுக்கவைத்து நுழைத்து நகக்கண்ணை லேசாகத் தூக்கினேன். மஞ்சள் நிறத்தில் அரைக் கரண்டிகூட இராது, சலம் வெளியே வந்தது. ஐந்து நிமிட வேலை. தோலை அறுக்கவே இல்லை, தையலும் இல்லை. கட்டுப் போட்டு முடிப்பதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது, திடீர் நகச்சுற்றில் சலம் கட்டிவிட்டால் அதை வெளியேற்றுவதுதான் வைத்தியம் என்பதே. மாத்திரை அதற்கு ஈடாகாது. மூடிய பைக்குள் தேங்கிய சலத்துக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேருவதில்லை. சலத்தைச் சுத்தமாக வெளியேற்றிவிட்டால், சுற்றிலும் சிவப்புப் பரவாத, உடம்பில் வேறு நோயில்லாத ஒருவருக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மாத்திரையே தேவைப்படாது. சிவப்பு விரலில் பரவினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் போன்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நிலை இருந்தாலோதான் செஃபலெக்சின், கிளாக்சாசிலின் போன்ற மாத்திரைகளை ஒரு வாரம் போலக் கொடுப்போம். நகம் கடிப்பவர்களுக்கு அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்த மாத்திரை பொருத்தமாக இருக்கும். இவற்றுக்கு அடங்காத கிருமி என்று சந்தேகம் வந்தால் சலத்தை ஆய்வுக்கு அனுப்பி, அது எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று பார்த்துத்தான் மாற்றுவோம். முள்ளோ ஆணியோ குத்தி வந்த நகச்சுற்று என்றால், ரணஜன்னித் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று பார்த்து அந்த டி.டி. ஊசியும் போட வேண்டும்.

சலம் கட்டுவதற்கு முன், வெறும் சிவப்பும் வலியுமாக இருக்கும் முதல் ஓரிரு நாளில் வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல வைத்தியம் ஒன்று உண்டு, அது வெந்நீர். கை பொறுக்கும் சூட்டில், கொஞ்சம் கல்லுப்புப் போட்ட தண்ணீரில் விரலைப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை முக்கி வைத்து, பிறகு துணியால் ஒற்றி நன்றாக உலர்த்தி, முப்பிரோசின் அல்லது ஃபியூசிடிக் ஆசிட் களிம்பைத் தடவினால், பலருக்கு அதோடு அமர்ந்துவிடும். சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்கள் மட்டும் சூட்டைத் தாங்களே பார்க்காமல், வீட்டில் இன்னொருவர் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகு முக்க வேண்டும். வெந்துபோனதுகூடத் தெரியாமல் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் நகச்சுற்றைப் பற்றி எழுத முடியாது. பழத்தின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, மஞ்சள்தூளோ உப்போ வைத்து விரலில் தொப்பி போல மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. அது குளிர்ச்சி தருகிறது. விரலை அசையாமல் வைக்கிறது. வேறு எதிலும் இடித்துக்கொள்ளாமல் காக்கிறது. வீட்டு வேலையிலிருந்து இரண்டு நாள் ஓய்வும் வாங்கித் தருகிறது. வலி குறைவது இவற்றால்தான். ஆனால் புளிப்பும் ஈரமும் ஒரு நாள் முழுக்கத் தோலில் ஊறினால் தோல் வெளுத்துத் தண்ணீரில் கிடந்த அப்பளம் போல நைந்துவிடும். நான் மேலே சொன்ன மடைக் களிமண் அதோடு போய்விடும். திடீர் வகையில் ஒரு நாள் மாட்டினால் பெரிய கேடில்லை. உங்கள் தாயாரைப் போன்றவர்களுக்கு அது நேரடியாகவே தீங்கு. மருதாணி இலையை அரைத்து வைப்பதில் அந்தத் தீங்கு இல்லை. மருதாணிச் சாறு கிருமிகளை ஓரளவு அடக்குவது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயமும்கூட. ஆயினும் உள்ளே கட்டிய சலத்தை அது வெளியே கொண்டுவராது. கடையில் குழாயில் விற்கும் கருப்பு மெஹந்தியை மருதாணி என்று நினைத்துப் புண்ணில் வைத்துவிட வேண்டாம். அதில் கலக்கும் சாயம் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும்.

கத்தியை எடுக்கக் கூடாத ஒரு நகச்சுற்றும் இருக்கிறது. அதை நான் கற்றது என் பிழையிலிருந்து. பயிற்சி மருத்துவனாக இருந்தபோது, வார்டில் வேலை பார்த்த ஒரு செவிலியச் சகோதரி ஆள்காட்டி விரல் வீங்கி வந்தார். வலி, வீக்கத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி. நகக்கண் ஓரத்தில் வெந்த ஜவ்வரிசி போல நான்கைந்து சிறு கொப்புளங்கள் கூட்டமாக இருந்தன. நான் அவற்றைச் சலம் என்று முடிவுகட்டிக் கீறினேன். தெளிந்த நீர் கசிந்ததே தவிரச் சலம் வரவில்லை. மறுநாள் விரல் இரண்டு மடங்கு வீங்கிவிட்டது. அவர் மூன்று வாரம் அவதிப்பட்டார். அது ஹெர்பிஸ் வைரஸ். நோயாளிகளின் வாய், எச்சில் ஆகியவற்றோடு பழகும் செவிலியர், பல் மருத்துவர், உதட்டில் கொப்புளமிருக்கும்போது விரல் சூப்பும் குழந்தை ஆகியோருக்கு வருவது. கீறாமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும். ஆரம்பத்திலேயே அசைக்ளோவிர் கொடுத்தால் விரைவில் அடங்கும். கீறினால் வேறு கிருமியும் உள்ளே புகும். ஆகவே கொப்புளங்கள் கூட்டமாக இருந்தாலோ, அதே விரலில் முன்பும் இப்படி வந்திருந்தாலோ, மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

நகச்சுற்றை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, தானே உடைந்து ஆறும் என்று சொல்லலாம். மீதிப் பேருக்கு ஆவது பெரிது. சலம் நகக்கண்ணிலிருந்து விரல்நுனியின் சதைக்குள் இறங்கினால், அங்கே சிறு சிறு அறைகளாகத் தடுப்புகள் இருப்பதால் அழுத்தம் ஏறி, நுனி கல் போல இறுகி, உள்ளே இருக்கும் எலும்பையே அரிக்கத் தொடங்கும். எலும்பு அரிப்பது எக்ஸ்ரேயில் தெரிய ஏறத்தாழ இரண்டு வாரமாகும் என்பதால், முதல் நாள் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பது நற்சான்றிதழ் ஆகாது. இன்னும் உள்ளே, விரலை மடக்கும் நரம்பு ஓடும் உறைக்குள் சலம் புகுந்தால் நிலைமை அவசரம். வைத்திய மொழியில் அது நரம்பு அல்ல, தசைநாண்; ஊரில் நரம்பு என்றே சொல்வோம். ஆலன் கனவெல் என்ற சிகாகோ அறுவை மருத்துவர் நூறாண்டுகளுக்கு முன் வகுத்துச் சொன்ன அடையாளங்களையே இன்றும் பார்க்கிறோம்: விரல் முழுதும் ஒரே சீராக வீங்கியிருக்கும், லேசாக மடங்கியபடியே நிற்கும், உள்ளங்கைப் பக்கம் நீளவாக்கில் தொட்டாலே வலிக்கும், யாராவது அதை நிமிர்த்த முயன்றால் உயிர் போகும். இந்த விரலோடு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போல அறுவை வசதியுள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். முன்கையில் சிவப்புக் கோடு ஏறுவது, அக்குளில் நெறி கட்டுவது, குளிர்காய்ச்சல் வருவது ஆகியவையும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறிகள்.

இனி உங்கள் தாயாரின் விரலுக்கு வருகிறேன். மூன்று மாதம், ஒரே சமயத்தில் இரண்டு விரல், விண்ணென்று தெறிக்காத மந்தமான வலி, வரிவரியான நகம் என்று நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் நாள்பட்ட நகச்சுற்றையே காட்டுகின்றன. அவருடைய கட்டைவிரலை எடுத்து, நகத்தின் அடிப்பக்கத்தில் அந்த மெல்லிய விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. தோல் உருண்டையாகத் தடித்து நகத்தை விட்டு விலகி நிற்கும். இடையில் ஒரு தாளை நுழைக்கும் அளவுக்குச் சந்து தெரியும். அழுத்தினால் சில சமயம் ஒரு துளி வெண்மையாக வரலாம்.

இது அடிப்படையில் கிருமி நோயே அல்ல. ஈரத்தாலும் உறுத்தும் பொருள்களாலும் தோல் வெந்து வரும் அழற்சி இது. கிருமியும் கேண்டிடா என்னும் பூஞ்சையும் திறந்த வீட்டுக்குள் பிறகு வந்து குடியேறியவை. அதனால்தான் ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது குடியேறிய கிருமி கொஞ்சம் அடங்கி வீக்கம் குறைகிறது. கதவு திறந்தே இருப்பதால் அடுத்த வாரம் மறுபடி வருகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்களே இதைப் பூஞ்சை நோய் என்று சொல்லிவந்தன. நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் மாத்திரை எழுதினேன். 2002இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், பூஞ்சைக்கொல்லி மாத்திரை உட்கொண்டவர்களைவிட ஸ்டீராய்டு களிம்பு தடவியவர்களுக்கே விரல் நன்றாகத் தேறியது. சிலரது விரலில் கேண்டிடா மிச்சமிருந்தபோதும் நோய் ஆறியது. அதன் பிறகு வைத்தியத்தின் போக்கே மாறிவிட்டது.

பீடி வேலையை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தானே விளங்கும். இலையை முந்தின இரவே தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார்கள். காலையில் அந்த ஈர இலையை விரலால் நீவி, கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கும்போது கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் ஒவ்வொரு பீடிக்கும் ஒருமுறை அழுத்தி உரசுகின்றன. ஆயிரம் பீடி என்றால் அந்த உரசல் ஆயிரம் முறை. ஈரத்தில் நைந்த தோலில் புகையிலைத் தூள் ஒட்டுகிறது. உங்கள் தாயாருக்கு நோய் வந்திருப்பது அதே இரண்டு விரல்களில், அதுவும் வலது கையில் என்பதைக் கவனியுங்கள். வேலை முடிந்ததும் அதே கைதான் பாத்திரம் விளக்குகிறது, துணி துவைக்கிறது, புளி கரைக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் அப்பள மாவு பிசையும் பெண்களிடமும், பத்தமடையில் நனைத்த கோரையைக் கையாளும் பாய்க்காரர்களிடமும், அல்வாவுக்குக் கோதுமைப்பால் பிழிபவர்களிடமும் இதே விரலைப் பார்த்திருக்கிறேன். தொழிலைக் கேட்காமல் இந்த நோய்க்கு மருந்து எழுதுபவர் பாதி வைத்தியம்தான் செய்கிறார்.

முதல் வேலை, அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் எடுத்துவிடுங்கள்; ஆறாத நகச்சுற்றை வைத்தே சர்க்கரை நோயைக் கண்டுபிடித்த நாள்கள் எனக்கு அநேகம். இரண்டாவது, விரலை உலர வைப்பது. பாத்திரம், துணி ஆகிய இரண்டு வேலைக்கும் உள்ளே பருத்தி உறை, வெளியே ரப்பர் உறை என்று இரண்டு அடுக்காக மாட்ட வேண்டும். ரப்பர் உறையை மட்டும் மாட்டினால் வியர்வையே ஈரமாகிவிடும். ஈரப்பட்ட ஒவ்வொரு முறையும் துணியால் ஒற்றி, நகக்கண்ணில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டும். பீடி சுற்றும்போது உறை மாட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். உறை மாட்டச் சொல்லி எழுதிக்கொடுப்பது, மழையில் நனையாமல் நாற்று நடச் சொல்வதற்குச் சமம். முடிந்தால் ஆறு வாரமாவது வீட்டில் வேறொருவர் பீடியின் தலையை மடக்கட்டும், அம்மா இலை வெட்டட்டும். அதுவும் முடியாதென்றால், இலையை நன்றாக வடித்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றிய பிறகு எடுப்பதும், மணிக்கு ஒரு முறை கையைத் துடைத்து உலர்த்துவதும் ஓரளவு உதவும்.

மருந்து என்று எடுத்தால், பீட்டாமெத்தசோன் போன்ற நடுத்தர வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பை இரவும் காலையும் நகக்கண்ணில் மட்டும் மெல்லிதாக, மருத்துவர் சொல்லும் காலத்துக்கு, வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம் தடவுவதுதான் முதல் வைத்தியம். பூஞ்சையும் சேர்ந்திருக்கிறது என்று தோன்றினால் கிளோட்ரிமசோல் துளியோ களிம்போ கூடச் சேர்க்கலாம். ஸ்டீராய்டை நீண்ட நாள் தொடர முடியாதவர்களுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும் மூன்று மருந்துக் கலவைக் களிம்புகளில் மிக வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. விரலுக்கு வாங்கிய அந்த டியூபை வீட்டில் இன்னொருவர் தொடையிடுக்குப் படர்தாமரைக்குத் தடவுவார். படர்தாமரை ஒரு வாரம் மறைந்து, பிறகு ஊரெல்லாம் பரவினது போல உடம்பெல்லாம் பரவும். ஆகவே மருத்துவர் எழுதிய களிம்பை எழுதிய இடத்தில், எழுதிய நாள் வரையில் மட்டும் தடவச் சொல்லுங்கள்.

வீக்கம் மூன்று வாரத்தில் குறைந்துவிடும். ஆனால் அந்த மெல்லிய விளிம்பு திரும்ப வளர்ந்து நகத்தோடு ஒட்டுவதற்கு இரண்டு மூன்று மாதமாகும்; அதுவரை நோய் ஆறிவிட்டது என்று எண்ணிப் பழையபடி தண்ணீரில் இறங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இடையில் ஒரு நாள் திடீரென்று சிவந்து தெறித்தால், நாள்பட்டதன் மேல் திடீர் வகை ஏறியிருக்கிறது என்று பொருள். அப்போது மட்டும் ஆன்டிபயாடிக்குக்கு வேலை உண்டு. எல்லாம் செய்தும் தேறாத மிகச் சிலருக்கு, தடித்துப்போன நகக்கண் தோலை ஒரு பிறை வடிவில் எடுத்துவிடும் சிறு அறுவை செய்வோம்.

பூஞ்சை மாத்திரை வேண்டாம் என்று சொன்னதால், நகத்துக்குப் பூஞ்சையே வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நகச்சொத்தை என்பது வேறு நோய். நகத்தின் நுனியிலிருந்து தொடங்கி நகமே மஞ்சளித்து, தடித்து, அடியில் மாவாக உதிரும். சுற்றியுள்ள தோல் வீங்காது. அதிலும் நகத்தூளைச் சுரண்டி எடுத்துப் பொட்டாஷ் கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் பார்க்காமல் மாத்திரை தொடங்கக் கூடாது. சொத்தை போலத் தெரியும் நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சை, மற்றவை சொரியாசிஸ், அடிபட்டது என்று வேறு ஏதாவது. பூஞ்சை உறுதியானால் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்று, கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம், ஈரல் பரிசோதனை பார்த்து. நகம் பச்சையாக மாறினால் அது சூடோமோனாஸ் என்ற தண்ணீர்க் கிருமி. தூக்கிய நகத்தை வெட்டிவிட்டு உலர்வாக வைப்பதும், நீர்த்த வினிகரில் சில நிமிடம் முக்குவதும் பெரும்பாலும் போதும். புற்றுநோய்க்கு ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற மாத்திரை உட்கொள்பவர்களுக்குப் பல விரல்களில் நகச்சுற்று வரும். அது மருந்தின் பக்க விளைவு, மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் எழுதியவரிடம் காட்ட வேண்டும். ஒரே ஒரு விரலில், பல மாதமாக, எந்த மருந்துக்கும் அசையாமல், ரத்தம் கசிந்துகொண்டோ மரு போல வளர்ந்துகொண்டோ இருந்தால், நகக்கண்ணில் வரும் புற்றுநோயை மனத்தில் வைத்துச் சிறிது சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு தோலுக்கும் பரவினால் அதற்கும் அப்படியே.

காலைப் பற்றிச் சுருக்கமாக. பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் வளர்ந்து குத்துவதால் வரும் நகச்சுற்றுக்கு, நகத்தை வளைத்து ஒட்ட வெட்டுவதும் இறுக்கமான செருப்பும் காரணம். நேராக வெட்டுவது, ஓரத்தில் சிறு பஞ்சுத்திரியை வைத்து நகத்தைத் தூக்கிவிடுவது ஆகியவற்றில் அடங்காவிட்டால், குத்தும் ஓரத்தை மட்டும் எடுத்து அதன் வேரில் ஃபீனால் வைத்தால் அந்த ஓரம் மறுபடி முளைக்காது. சேற்றுக்காலோடு வயலில் நிற்கும் சர்க்கரை நோயாளிக்குக் கால் நகச்சுற்று வந்தால், அதை வீட்டில் பார்க்கவே கூடாது.

கடைசியாக, நகத்தைப் பிடுங்குவது பற்றி. நாள்பட்ட நகச்சுற்றில் நகம் குற்றவாளி அல்ல. அதைப் பிடுங்கினால் தோலின் சந்து அப்படியே இருக்கும், புதிய நகமும் வரியோடுதான் முளைக்கும். சலம் நகத்துக்கு அடியிலேயே பரவிவிட்ட திடீர் வகையில் மட்டும் நகத்தின் ஒரு பகுதியை எடுப்போம். முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. அம்மாவின் அடையாள அட்டையோடு அங்கே போய், சர்க்கரையைப் பார்த்து, விரலைக் காட்டி, தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் களிம்பு டியூப்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

நகத்தின் கரடு எப்போது போகும் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த வரிகள் நகக்கண் வீங்கிய நாள்களில் நகம் முளைத்தபோது விழுந்தவை. கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவில் வளரும். வைத்தியம் தொடங்கும் நாளில் கடைசி வரி எங்கே இருக்கிறது என்று அம்மாவைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குக் கீழே வழவழப்பாக நகம் முளைத்து, அந்த வரி மெல்ல நுனிக்கு ஏறி, ஏறத்தாழ ஆறு மாதத்தில் நகவெட்டியில் வெட்டுப்பட்டு விழும்.